வாளை வைத்தார், எழுத்தை எடுத்தார்!

கொரியாவின் தலைநகரம் சியோல். அங்கே 1896ஆம் ஆண்டு ஏப்ரல் 7ந் தேதி ஒரு புதிய பத்திரிகை வெளிவந்தது. மொத்தம் 4 பக்கங்கள். முதலில் அச்சிட்டது சுமார் 300 பிரதிகள்தான். ஆனால் அதை வாங்கிப் பார்த்தவர்கள் வியந்து போனார்கள். பண்டிதர்களுக்கு மட்டுமே புரியும் சீன எழுத்தை அதில் காணோம்! கடைக்காரரும் குடும்பப் பெண்களும் படிக்கக்கூடிய கொரிய எழுத்தில் செய்திகள் இருந்தன.

பத்திரிகையின் பெயர் டோங்னிப் சின்முன். சுதந்திரப் பத்திரிகை என்பது அதன் பொருள். அதைத் தொடங்கியவர் சோ ஜேபில். அப்போது அவருக்கு வயது 32. அதற்குள் அவர் அதிகாரியாக இருந்தார், புரட்சி செய்தார், நாட்டை விட்டு ஓடினார், கூலி வேலை பார்த்தார், டாக்டரும் ஆனார்!

மூன்று நாள் ஆட்சி

சோ ஜேபில் 1864ஆம் ஆண்டில் போசோங் என்ற ஊரில் நல்ல குடும்பத்தில் பிறந்தார். சீன நூல்களைக் கற்று, 18 வயதிலேயே அரசாங்கப் பரீட்சையில் தேறினார். பிறகு ஜப்பானுக்குச் சென்று ராணுவப் பயிற்சி பெற்றார்.

அந்தக் காலத்தில் கொரியா சீனாவுக்கு அடங்கி நடந்து வந்தது. ஜப்பானோ புதிய கல்வியும் புதிய தொழிலும் கண்டு வேகமாக முன்னேறிக் கொண்டிருந்தது. நம் நாடும் மாற வேண்டும் என்று கொரிய வாலிபர்கள் சிலர் துடித்தார்கள். கிம் ஓக்கியூன் அவர்களுக்குத் தலைவர்.

1884ஆம் ஆண்டு டிசம்பர் மாதம். சியோலில் புதிய தபால் நிலையத்தின் திறப்பு விருந்து. அந்த இரவில் புரட்சி வெடித்தது. மந்திரிகள் சிலர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். வாலிபர்கள் ஆட்சியைப் பிடித்தார்கள். 20 வயது ஜேபிலுக்கு ராணுவ இலாகாவில் துணை மந்திரி பதவி கிடைத்தது.

அந்தப் பதவி மூன்றே நாள்தான் நிலைத்தது. சீனப் படை உள்ளே நுழைந்து புரட்சியை நசுக்கியது. ஜேபில் ஜப்பானுக்குத் தப்பி ஓடினார்.

அவர் தப்பினார். அவருடைய குடும்பம் தப்பவில்லை. ராஜத் துரோகியின் குடும்பத்தையே தண்டிப்பது அக்கால வழக்கம். தந்தையும் தாயும் மனைவியும் உயிரை விட்டார்கள். தம்பி கொல்லப்பட்டார். 2 வயதுக் குழந்தை, பால் கொடுக்க ஆளில்லாமல் இறந்தது.

அமெரிக்காவில் கூலி

1885ஆம் ஆண்டு ஜேபில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் போய் இறங்கினார். கையில் காசு இல்லை. ஆங்கிலமும் தெரியாது. பகலில் ஒரு மரச்சாமான் கடைக்காக வீடு வீடாக விளம்பர நோட்டீசு கொடுத்தார். இரவில் ஆங்கிலம் கற்றார்.

ஹோலன்பெக் என்ற பணக்காரர் இந்த வாலிபரின் ஊக்கத்தைக் கண்டார். பென்சில்வேனியா மாநிலத்துக்கு அழைத்துச் சென்று பள்ளியில் சேர்த்தார். அங்கே ஜேபில் தம் பெயரைத் தலைகீழாகத் திருப்பி, பிலிப் ஜேசன் என்று வைத்துக் கொண்டார். 1890ஆம் ஆண்டில் அமெரிக்கப் பிரஜை ஆனார். கொரியர்களில் அந்த உரிமை பெற்ற முதல் மனிதர் அவர்தான்.

பிறகு வாஷிங்டனில் ராணுவ மருத்துவ நூலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே வைத்தியம் படித்தார். 1892ஆம் ஆண்டில் டாக்டர் பட்டம் பெற்றார். 1894ஆம் ஆண்டில் மூரியல் ஆம்ஸ்ட்ராங் என்ற அமெரிக்கப் பெண்ணை மணந்தார். இனி அவருக்கு என்ன குறை? நிம்மதியாக வாழ்ந்திருக்கலாம்.

ஆனால் கொரியாவில் காலம் மாறியது. புரட்சிக்காரர்களுக்கு மன்னிப்புக் கிடைத்தது. 1895ஆம் ஆண்டு டிசம்பரில், தம் குடும்பத்தை அழித்த அதே நகரத்துக்கு ஜேபில் திரும்பி வந்தார். பழி வாங்க அல்ல; பத்திரிகை நடத்த!

பெண்களின் எழுத்து

பழைய புரட்சி ஏன் தோற்றது? அந்தத் தோல்வியில் அவர் ஒரு பாடம் கற்றிருந்தார். மேலே சிலர் வாளைத் தூக்கினார்கள். கீழே உள்ள மக்களுக்கு அது எதற்கென்றே தெரியாது. மக்களுக்குத் தெரியாத மாற்றம் மூன்று நாள்கூட நிற்காது. ஆகவே முதலில் மக்களுக்குச் செய்தி தெரிய வேண்டும்.

எந்த எழுத்தில் சொல்வது? சீன எழுத்தில் ஆயிரக்கணக்கான வடிவங்கள். அவற்றைக் கற்க ஆண்டுக் கணக்கில் ஆகும். உழைப்பாளிக்கு அதற்கு நேரம் ஏது? கொரியாவுக்குச் சொந்த எழுத்தும் உண்டு. செஜோங் மன்னர் 1446ஆம் ஆண்டில் மக்களுக்கு அளித்தது அது. சில நாளில் கற்றுவிடலாம். ஆனால் பண்டிதர்கள் அதைப் பெண்களின் எழுத்து என்று ஒதுக்கி வைத்தார்கள்.

அந்த எழுத்தையே ஜேபில் எடுத்தார். அதுவரை சொற்களைச் சேர்த்துச் சேர்த்து எழுதினார்கள். எங்கே ஒரு சொல் முடிகிறது என்று தெரியாமல் புதிதாகப் படிப்பவர் திணறுவார். ஜேபிலின் பத்திரிகை சொல்லுக்குச் சொல் இடம் விட்டு அச்சிட்டது. சூ சிக்யோங் என்ற மாணவர் பிழை திருத்த உதவினார். பிற்காலத்தில் கொரிய இலக்கணத்தில் பெரும் புகழ் பெற்றவர் அவர்.

முதல் 3 பக்கங்கள் கொரிய மொழி. 4வது பக்கம் ஆங்கிலம். கொரியாவின் நிலையை அந்நிய நாட்டாருக்குச் சொல்ல அந்தப் பக்கம். ஆரம்பத்தில் வாரம் 3 முறை வந்தது. அரசாங்கமும் பண உதவி செய்தது. ஆனாலும் லஞ்சம் வாங்கும் அதிகாரிகளை ஜேபில் விட்டுவைக்கவில்லை. ஆண்கள் வைப்பாட்டி வைத்துக் கொள்வதைக் கண்டித்தார். பெண் பிள்ளைகளையும் படிக்க வைக்க வேண்டும் என்று வாதாடினார். டாக்டர் அல்லவா? சுத்தத்தைப் பற்றியும் எழுதினார்.

பிரதிகள் 300லிருந்து 3,000 ஆகப் பெருகின. ஒரே பிரதி கை மாறிக் கை மாறிப் பலரிடம் போயிற்று.

சுதந்திர வாசல்

1896ஆம் ஆண்டில் சுதந்திரச் சங்கமும் தோன்றியது. சியோலில் சீனத் தூதர்களை வணங்கி வரவேற்க ஒரு பழைய வாசல் இருந்தது. அந்த இடத்தில் மக்களிடம் நன்கொடை திரட்டிக் கல்லால் சுதந்திர வாசல் கட்டினார்கள். 1897ஆம் ஆண்டில் வேலை முடிந்தது. 1898ஆம் ஆண்டில் கடைத்தெருவில் பெரிய பொதுக்கூட்டங்கள் நடந்தன. சாதாரண மக்களும் மேடையேறிப் பேசினார்கள்! சுரங்கங்களையும் காடுகளையும் அந்நியருக்குத் தாரை வார்க்காதே என்று கேட்டார்கள்.

இது அரண்மனைக்கும் பிடிக்கவில்லை, ரஷ்யாவுக்கும் பிடிக்கவில்லை. ஒப்பந்தப்படி ஜேபிலுக்குச் சேர வேண்டிய மீதிச் சம்பளத்தைக் கொடுத்து, 1898ஆம் ஆண்டு மே மாதம் அவரை அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டார்கள். பத்திரிகை 1899ஆம் ஆண்டு இறுதியில் நின்றது.

ஆனால் விதை வீண் போகவில்லை. அவர் போன சில மாதங்களில், 1898 செப்டம்பரில், சியோல் பெண்கள் ஒன்றுகூடிப் பெண்களுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். அந்த அறிக்கையை அவர் தொடங்கிய பத்திரிகையும் வெளியிட்டது.

கடைசி நாள்

1910ஆம் ஆண்டில் ஜப்பான் கொரியாவை விழுங்கியது. பிலடெல்பியாவில் காகித வியாபாரமும் அச்சகமும் நடத்தி வந்த ஜேபில், 1919ஆம் ஆண்டில் அங்கே கொரியர் மாநாட்டைக் கூட்டினார். சொந்தப் பணத்தை விடுதலைக்காகச் செலவு செய்தார். 1924ஆம் ஆண்டில் வியாபாரம் நொடித்துப் போயிற்று. 60 வயதுக்கு மேல் மறுபடியும் மருத்துவம் படித்து, வைத்தியம் செய்து பிழைத்தார்.

1945ஆம் ஆண்டில் கொரியா விடுதலை அடைந்தது. ஆனால் நாடு இரண்டாகப் பிரிந்தது. 1947ஆம் ஆண்டில் 83 வயதுக் கிழவராக அவர் சியோலுக்கு வந்தார். ஜனாதிபதி பதவிக்கு நிற்கும்படி சிலர் கேட்டார்கள். அவர் இசையவில்லை. அடுத்த ஆண்டே அமெரிக்கா திரும்பினார்.

1951ஆம் ஆண்டு ஜனவரி 4ந் தேதி, கொரியப் போரில் சியோல் இரண்டாம் முறையாக வடகொரிய, சீனப் படைகளிடம் வீழ்ந்தது. மறுநாள் ஜேபில் அமெரிக்காவில் காலமானார். நாடு ஒன்றுபடுவதை அவர் காணவில்லை.

1994ஆம் ஆண்டில் அவருடைய அஸ்தி சியோல் தேசிய கல்லறைக்கு வந்து சேர்ந்தது. அவர் பத்திரிகை தொடங்கிய ஏப்ரல் 7ந் தேதியைத் தென்கொரியா பத்திரிகை தினமாகக் கொண்டாடுகிறது. பண்டிதர்கள் ஒதுக்கிய அந்த எழுத்தில்தான் இன்று கொரியாவே படிக்கிறது. வாளால் அவர் பிடித்த ஆட்சி மூன்று நாளில் போயிற்று. எழுத்தால் அவர் செய்த வேலை நூறு ஆண்டுக்கு மேலும் நிற்கிறது!