கைதியின் சாப்பாட்டை வைத்து வறுமையை அளந்தவர்: யார் இந்த தாதாபாய் நௌரோஜி?

வேப்பனப்பள்ளி, ஓசூர் எல்லாம் சேலம் ஜில்லாவில் இருந்த காலம் அது. பிரிட்டிஷ் ஆட்சியில் இந்தியா செழிக்கிறது என்றார்கள். நிஜமாவா என்று கணக்கு போட்டுப் பார்த்தார், பம்பாயில் கணிதப் பேராசிரியராக இருந்த தாதாபாய் நௌரோஜி (1825-1917).

கையில் எடுத்தது அரசின் சொந்தப் புள்ளிவிவரத்தைத்தான். மாகாணவாரியாக சாகுபடிப் பரப்பு, ஏக்கருக்கு விளைச்சல், விலை மூன்றையும் பெருக்கினார். மற்ற தொழில்களுக்கும் ஒரு தொகை சேர்த்து, மக்கள்தொகையால் வகுத்தார். 1867-68-ல் தலைக்கு வருமானம் வருஷத்துக்கே 20 ரூபாய்!

அது போதுமா? சிறை ஆவணங்களைப் புரட்டினார். கைதி ஒருவரின் சோறு, துணிக்கு அரசு செய்த செலவே அதைவிட அதிகம். இந்தியாவின் முதல் வறுமைக்கோடு இப்படித்தான் பிறந்தது.

1892-ல் பிரிட்டிஷ் பார்லிமென்டுக்கே எம்.பி.யாகப் போய், இந்தியாவின் வறுமையைப் பேசினார். இத்தனைக்கும் அந்த 20 ரூபாய், ஜமீன்தார்களையும் சேர்த்துப் போட்ட சராசரி. கூலிக்காரர் கையில் கிடைத்தது அதைவிடக் கம்மி.