தம்மையும் பராமரிக்கக் கற்ற இஞ்ஞாசியார்



உங்கள் வீட்டில் ஒருவருக்குக் காய்ச்சல் கண்டால் என்ன செய்யவேண்டும் என்று எவரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கஞ்சி காய்ச்சுவீர்கள்; வைத்தியரிடம் அழைத்துச் செல்வீர்கள்; இரவில் இரண்டு மூன்று முறை எழும்பி நெற்றியைத் தொட்டுப் பார்ப்பீர்கள். அதே காய்ச்சல் உங்களுக்கு வந்தால்? பனடோல் ஒன்றை விழுங்கிவிட்டு அடுப்படியில் போய் நிற்பீர்கள். எவரும் கேட்டால் ஒன்றுமில்லை என்பீர்கள். அதை ஒரு பரித்தியாகமாக ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்துவிட்டதாகவும் மனதுக்குள் எண்ணிக்கொள்வீர்கள்.

பிறரை நேசிக்கும்படி கட்டளையிட்ட ஆண்டவர், அந்த நேசத்துக்கு அளவுகோலாக வைத்தது நாம் நம்மீது கொண்டுள்ள நேசத்தையே. அளவுகோல் முறிந்திருந்தால் அளப்பது எப்படி? இந்தப் பாடத்தைத் தம் சொந்த உடலைப் பாழாக்கி, அதன்பின்னரே கற்றுக்கொண்ட புனிதர் ஒருவர் இருக்கிறார். கறுப்பு அங்கியும் கையில் புத்தகமுமாகச் சுரூபங்களில் நாம் காணும் புனித லொயோலா இஞ்ஞாசியார்தான் அவர். யூலை 31ஆம் திகதி அவரது திருநாள்.

ஸ்பெயின் நாட்டின் வடக்கே, பாஸ்க்கு மக்களின் மலைநாட்டில், 1491ஆம் ஆண்டில் பிரபு குடும்பமொன்றில் பிறந்தவர் அவர். வாலிபத்தில் வாள், உடை, புகழ் என்பவையே அவரது உலகம். 1521ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி பம்ப்லோனாக் கோட்டையைப் பிரெஞ்சுப் படைகள் தாக்கியபோது, பீரங்கிக் குண்டு ஒன்று அவரது வலது காலை நொறுக்கியது. எதிரிகளே காயத்துக்கு மருந்திட்டு, அவரைப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். எலும்பு பிழையாகப் பொருந்தியதால் மீண்டும் முறித்துக் கட்டவேண்டியதாயிற்று. பின்னர் முழங்காலுக்குக் கீழே ஓர் எலும்பு துருத்திக்கொண்டு நின்றது. அக்காலப் பிரபுக்கள் அணியும் இறுக்கமான காலணியை இனி அணிய முடியாதே என்ற ஒரே கவலையால், அந்த எலும்பை அறுத்துவிடும்படி அவரே கேட்டுக்கொண்டார். மயக்க மருந்து இல்லாத காலம் அது. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார். ஆயினும் வாழ்நாள் முழுவதும் சற்றே நொண்டித்தான் நடந்தார்.

நோய்ப்படுக்கையில் கிறிஸ்துவின் வரலாற்றையும் புனிதர்களின் வரலாறுகளையும் வாசித்து மனந்திரும்பிய கதையை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலேயே கேட்டிருப்பீர்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். புனித பிரான்சிஸ் அதைச் செய்தாரா, நானும் செய்வேன். புனித சாமிநாதர் இதைச் செய்தாரா, நானும் செய்வேன் என்ற போக்கிலேயே அவருடைய எண்ணம் ஓடியது. தவமும் அவருக்கு ஒரு போட்டியாகத் தோன்றிற்று. இதயம் திரும்பிவிட்டது, ஆனால் பழைய போர்வீரன் இன்னும் உள்ளேயே இருந்தான்.

1522ஆம் ஆண்டு மார்ச் மாதம், மொன்செராத் மலையிலுள்ள தேவதாயின் திருத்தலத்தில் இரவு முழுதும் விழித்திருந்து செபித்து, தம் வாளையும் உடைவாளையும் அங்கே விட்டுவிட்டு, மன்ரேசா என்னும் ஊருக்கு இறங்கினார். அங்கே பத்து மாதங்களுக்கு மேல் தங்கினார். பிச்சை எடுத்து உண்டார். இறைச்சியைத் தொடுவதில்லை. நாள்தோறும் ஏழு மணி நேரம் முழந்தாளிட்டுச் செபம், கசையடி. முன்பு தம் அழகிய தலைமுடியில் பெருமை கொண்டிருந்தவர், இப்போது முடியைச் சீவாமலும் வெட்டாமலும், கைகால் நகங்களைக் களையாமலும் விட்டுவிட்டார். அதே நாட்களில் ஊர் வைத்தியசாலையிலிருந்த ஏழை நோயாளருக்குப் பணிவிடையும் செய்துவந்தார். அந்த நோயாளரில் எவரையாவது இப்படி அழுக்கோடும் பட்டினியோடும் கிடக்க அவர் விட்டிருப்பாரா?

விரைவில் மனமும் நோயுற்றது. செய்த பாவசங்கீர்த்தனம் சரியில்லையோ, எதையாவது மறந்துவிட்டோமோ என்ற ஐயம் அவரை இரவும் பகலும் அரித்தது. திரும்பத் திரும்பப் பாவசங்கீர்த்தனம் செய்தும் அமைதியில்லை. சாமிநாதர் சபைத் துறவிகளின் மடத்தில் தங்கியிருந்தபோது, தம் உயிரையே மாய்த்துக்கொள்ளும்படியான சோதனைகூட அடிக்கடி வந்தது. கடவுளுக்கு மனவருத்தம் தரும் எதையும் செய்யமாட்டேன் என்று கதறிக் கதறியே அதைத் தாண்டினார். இறைவன் இரங்கும்வரை உண்பதில்லை என்று ஒரு ஞாயிறு தொடங்கி அடுத்த ஞாயிறு வரை ஒன்றுமே உண்ணாதிருந்தார். அதைக் கேள்வியுற்ற ஆன்மகுரு, உடனே சாப்பிடும்படி கட்டளையிட்டார். இஞ்ஞாசியார் கீழ்ப்படிந்தார். ஐயங்கள் இரண்டு நாள் ஓய்ந்து, மூன்றாம் நாள் திரும்பி வந்தன. பின்னர் ஒருநாள் கனவிலிருந்து விழித்தவரைப்போல் அவற்றிலிருந்து விடுபட்டார்.

இதன் பின்னர் நிகழ்ந்தவை சிறிய காரியங்கள். ஆயினும் இவருடைய வரலாற்றில் என் மனதை மிகவும் தொடுபவை அவைதாம். படுக்கப் போகும் நேரத்தில் பெரும் ஞான ஒளிகளும் ஆறுதல்களும் அவருக்கு வரத் தொடங்கின. தூங்குவதற்கென ஒதுக்கிய கொஞ்ச நேரமும் போயிற்று. இறைவனோடு உறவாட நாள் முழுவதும் இருக்கிறது. எஞ்சிய நேரம் உறக்கத்துக்கு உரியது. அப்படியானால் உறக்கத்தைத் திருடுகின்ற இந்த ஆறுதல் நல்ல ஆவியிடமிருந்து வந்ததுதானா என்று சிந்தித்தார். அதை விலக்கிவிட்டுத் தூங்கினார்! பின் ஒருநாள் காலை இறைச்சி உண்பது சரியே என்ற தெளிவு பிறந்தது. ஆன்மகுருவின் எச்சரிக்கையோடு ஆராய்ந்து பார்த்து, உண்ணத் தொடங்கினார். தலைமுடியையும் நகங்களையும் வெட்டிக்கொண்டார்.

குளிர்காலத்தில் கடும் நோய் கண்டது. ஊர்ப் பெரியவர்கள் அவரை ஒரு வீட்டில் சேர்த்தார்கள். ஊரின் மதிப்புமிக்க பெண்மணிகள் பலர் இரவில் முறைவைத்து விழித்திருந்து பார்த்துக்கொண்டார்கள். நோய் தணிந்த பின்னரும் உடல் தளர்ந்திருந்தது. வயிற்றுவலி அடிக்கடி வந்தது. அவர்களோ அவரை விடவில்லை. தடித்த சாம்பல்நிறத் துணியில் இரண்டு மேற்சட்டைகளையும், அதே துணியில் ஒரு தொப்பியையும், காலணிகளையும் கொடுத்து அணியச் செய்தார்கள். பிறருக்குக் கொடுக்க மட்டுமே தெரிந்தவர், அன்று பெற்றுக்கொண்டார். கொடுப்பதைவிட அது அவருக்குக் கடினமாக இருந்திருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.

பாடம் ஒரேயடியாகப் பதிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். எருசலேம் யாத்திரை முடிந்து, 1524ஆம் ஆண்டில் பார்சலோனாவில் சிறுவர்களோடு அமர்ந்து இலத்தீன் கற்றபோது வயிற்றுவலி குறைந்திருந்தது. உடனே பழைய ஆசை தலைதூக்கியது. காலணியின் அடித்தோலில் துளையிட்டு, அதை நாளுக்கு நாள் பெரிதாக்கினார். குளிர்காலம் வந்தபோது காலணியில் மேல்தோல் மட்டுமே மிஞ்சியிருந்தது! பார்ப்பவருக்குக் காலணி; பாதத்துக்கோ வெறும் தரை.

பாரிசில் படித்த காலத்தில் அந்த வயிற்றுவலி மீண்டும் வந்து, நாளடைவில் கடுமையாகியது. அங்கே அவரோடு ஒரே அறையில் தங்கிப் படித்தவர்தான், பின்னாளில் முத்துக்குளித்துறையில் மறைபரப்பி, மன்னார் மக்களிடம் குரு ஒருவரை அனுப்பிவைத்த புனித சவேரியார். சொந்த ஊர்க் காற்று ஒன்றே மருந்து என்று வைத்தியர்கள் சொன்னபோது, 1535ஆம் ஆண்டில் தோழர்கள் ஒரு சிறு குதிரையை வாங்கி, அதிலேற்றி அவரை ஊருக்கு அனுப்பினார்கள். அவர் மறுக்கவில்லை.

யேசு சபையைப் பாப்பரசர் மூன்றாம் சின்னப்பர் 1540ஆம் ஆண்டில் அங்கீகரித்தார். அடுத்த ஆண்டு இஞ்ஞாசியார் அதன் தலைவரானார். மன்ரேசாவில் பட்ட பாட்டின் பலனை இங்கேதான் காண்கிறோம். சபையின் அமைப்புச் சட்டத்தில், எல்லாருக்கும் பொதுவான ஒறுத்தல் முயற்சிகள் எவற்றையும் அவர் விதிக்கவில்லை. மாறாக, உடல்நலத்தைப் பேணுவதற்கென்றே ஓர் அதிகாரம் வைத்தார். உரோமை இல்லத்தில் நோயாளருக்குத் தேவையானவை வாங்கப்பட்டனவா என்று தாமே விசாரிப்பார். பணமில்லாவிட்டால் வீட்டுத் தட்டுமுட்டுச் சாமான்களை விற்றாவது வாங்கவேண்டும் என்பது அவருடைய கட்டளை. 1548இல் அச்சான அவரது ஆன்மீகப் பயிற்சிகள் நூலும், தேவையான உறக்கத்தைக் குறைத்துத் தவம் செய்வதை அனுமதிக்கவில்லை.

அதே 1548ஆம் ஆண்டு செப்ரெம்பரில், கந்தியாப் பிரதேசத்தின் கோமகனாயிருந்த புனித பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு ஒரு கடிதம் எழுதினார். மனைவியை இழந்து, இரகசியமாகச் சபையில் சேர்ந்திருந்த அந்தப் பிரபு, நோன்பாலும் கசையாலும் தம் உடலை வதைத்துக்கொண்டிருந்தார். தம்முடைய பழைய முகத்தையே கண்ணாடியில் கண்டதுபோல் இருந்திருக்கும் இஞ்ஞாசியாருக்கு. செபநேரத்தைப் பாதியாகக் குறைக்கும்படியும், வயிற்றுக்கு ஏற்ற உணவை உண்டு பலம் பெறும்படியும், இரத்தம் சிந்தும் ஒறுத்தலை விட்டுவிடும்படியும் எழுதினார். ஆன்மாவைப்போல உடலும் படைத்தவருக்கே உரியது, அதைப்பற்றியும் அவரிடம் கணக்குக் கொடுக்கவேண்டும் என்று விளக்கினார். உடல் என்பது நமக்குச் சொந்தமான வேலைக்காரன் அல்ல. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட நோயாளி. தாய்மாரே, இரவில் நீங்கள் தொட்டுப் பார்க்கும் அந்த நெற்றி உங்களிடம் ஒப்படைக்கப்பட்டதுபோல, உங்கள் நெற்றியும் ஒப்படைக்கப்பட்டதே.

அவருங்கூட முற்றாகக் கற்று முடித்தார் என்று சொல்லமாட்டேன். ஒரு கோடைகாலத்தில் அனுபவமற்ற இளம் வைத்தியர் ஒருவர் நோயைப் பிழையாகக் கணித்து, கதவு சன்னல்களை அடைத்து, போர்வைகளால் மூடி, மதுவைக் கொடுத்து வைத்தியம் பார்த்தார். உரோமையின் வெயிலில் இஞ்ஞாசியார் வியர்த்து மயங்கினார். சாவு நெருங்கியதாக எண்ணினார். ஆயினும் வைத்தியருக்குக் கீழ்ப்படிவதே தம் கடமை என்று வாய்திறக்கவில்லை. வேறொரு தேர்ந்த வைத்தியர் வந்து சன்னல்களைத் திறந்தபின்னரே பிழைத்தார். தம் சகோதரரில் ஒருவர் அப்படிக் கிடந்திருந்தால் அந்தச் சன்னலை அவரே எழுந்துபோய்த் திறந்திருப்பார்.

1556ஆம் ஆண்டு யூலை 30ஆம் திகதி பிற்பகல், தமக்கு முடிவு நெருங்கிவிட்டதால் பாப்பரசரின் ஆசீரைப் பெற்றுவரும்படி தம் செயலாளரான பொலாங்கோ அடிகளாரிடம் கேட்டார். வைத்தியர்கள் அவரது நிலையைப் பாரதூரமாகக் கருதவில்லை. அடிகளாருக்கோ ஸ்பெயினுக்கு அனுப்பவேண்டிய கடிதங்கள் இருந்தன. நாளை போகலாமா என்றார். இன்றே போவது நல்லது என்று சொல்லிவிட்டு, முடிவை அவரிடமே விட்டுவிட்டார் இஞ்ஞாசியார். மறுநாட் காலையில், இறுதித் திருவருட்சாதனங்களைப் பெறுமுன்னரே உயிர் பிரிந்தது.

உடலைப் பரிசோதித்தவர் அக்காலத்தின் பெயர்பெற்ற உடற்கூற்று நிபுணரான றெயால்தோ கொலொம்போ. சிறுநீரகங்களிலும், ஈரலிலும், சுவாசப்பையிலும், ஈரலுக்குச் செல்லும் பெரிய இரத்தக் குழாயிலும் எண்ணற்ற கற்களைக் கண்டெடுத்ததாக 1559இல் வெளியான தம் நூலில் அவர் எழுதியிருக்கிறார். அத்தனை ஆண்டுகள் இஞ்ஞாசியாரும் அவரைப் பார்த்த வைத்தியர்களும் அதை வயிற்றுவலி என்றே சொல்லிவந்தார்கள்.