ஹரி மார்சல் வார்ட்

ஹரி மார்சல் வார்ட் (மார்ச் 21, 1854 - ஆகஸ்ட் 26, 1906) இங்கிலாந்தைச் சேர்ந்த தாவரவியலாளரும் தாவர நோயியல் துறையின் முன்னோடிகளுள் ஒருவரும் ஆவார். இலங்கையின் காப்பித் தோட்டங்களில் இலைகளை மஞ்சளாக்கி உதிரச் செய்த துரு நோயை 1880 முதல் 1882 வரை அங்கேயே தங்கி ஆராய்ந்தார். பின்னர் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியராக விளங்கினார். இலை மஞ்சளாவது ஓர் அறிகுறி மட்டுமே, அதன் காரணத்தைக் கண்டறிந்த பின்னரே பரிகாரம் தேட வேண்டும் என்பதை இவரது ஆய்வுகள் உணர்த்தின.

இளமையும் கல்வியும்

வார்ட் இங்கிலாந்தின் எரிபோர்டு நகரில் ஓர் இசைக்கலைஞரின் மகனாகப் பிறந்தார். இலண்டனில் தாமசு அக்சிலியின் வகுப்புகளிலும், மான்செசுடர் ஓவன்சு கல்லூரியிலும் பயின்ற பின்னர், 1876 இல் கேம்பிரிட்ச் கிறைசுட்சு கல்லூரியில் சேர்ந்தார். 1879 இல் இயற்கை அறிவியலில் முதல் வகுப்பில் தேறினார். அதன்பின் செருமனியின் வூர்சுபர்க் நகரில் யூலியசு சாக்சிடம் சில காலம் பயிற்சி பெற்றார். சாக்சு, மண்ணின்றி நீரில் செடிகளை வளர்த்து அவற்றுக்குத் தேவையான சத்துகளை ஆராய்ந்தவர். இரும்புச் சத்து இல்லாத செடிகளின் புதிய இலைகள் பச்சையம் இன்றி வெளிறுவதையும் அவர் ஆராய்ந்திருந்தார்.

காப்பி இலைத் துரு நோய்

அக்காலத்தில் இலங்கையின் மலைநாடு காப்பிக்குப் பெயர் பெற்றிருந்தது. தோட்டங்களில் வேலை செய்வதற்காகத் தமிழகத்தின் திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம் முதலிய பகுதிகளிலிருந்து தொழிலாளர்கள் ஆண்டுதோறும் கடல் கடந்து, காட்டு வழியே நடந்து சென்றனர். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பினர்.

1869 இல் காப்பி இலைகளின் மேற்புறத்தில் மஞ்சள் புள்ளிகளும், அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறத் தூளும் காணப்பட்டன. இலங்கையிலிருந்து அனுப்பப்பட்ட இலைகளை ஆராய்ந்த மைல்சு பெர்க்லி, இதற்குக் காரணமான பூஞ்சைக்கு எமிலியா வாசுடாட்ரிக்சு எனப் பெயரிட்டார். இப்பெயரின் இரண்டாம் சொல் பேரழிவு செய்வது என்னும் பொருளுடையது. நோய் விரைவில் தென்னிந்தியக் காப்பித் தோட்டங்களுக்கும் பரவியது. மண் வளம் குன்றியதே காரணம் என்றும், பருவநிலையே காரணம் என்றும் தோட்ட உரிமையாளர்களிடையே பல கருத்துகள் நிலவின.

இலங்கையில் ஆய்வு

1880 இல் அரசின் பூஞ்சையியல் ஆய்வாளராக வார்ட் இலங்கை சென்றார். அப்போது அவருக்கு வயது 25. செம்மஞ்சள் தூள் என்பது பூஞ்சையின் வித்துகளே என்பதைக் கொண்டு, அவற்றை நீர்த்துளியில் இட்டு முளைக்கச் செய்தார். முளைத்த இழைகள் இலையின் அடிப்புறத்திலுள்ள நுண்ணிய இலைத்துளைகளின் வழியே உள்நுழைவதை நுண்நோக்கியில் கண்டார். நலமான இலைகளில் வித்துகளை இட்டபோது, சில வாரங்களில் அவ்விடங்களில் மஞ்சள் புள்ளிகள் தோன்றின. தோட்டங்களில் கண்ணாடித் தகடுகளைத் தொங்கவிட்டு, வித்துகள் காற்றில் பரவுவதையும் காட்டினார்.

இப்பூஞ்சை மரத்தை உடனே கொல்வதில்லை. நோயுற்ற இலைகள் உரிய காலத்துக்கு முன்பே உதிர்கின்றன. மரம் தன் சேமிப்பைச் செலவிட்டு மீண்டும் துளிர்க்கிறது; அத்துளிர்களும் நோய்க்கு ஆளாகின்றன. இவ்வாறு நலிந்த மரத்தில் காய்ப்புக் குறைகிறது.

பரிந்துரைகளும் விளைவும்

மலைமலையாக ஒரே பயிரை இடைவெளியின்றி நட்டதே நோய் இவ்வளவு விரைவாகப் பரவ வழி செய்தது என வார்ட் சுட்டிக்காட்டினார். தோட்டங்களுக்கிடையே காற்றைத் தடுக்கும் மர வரிசைகள் வேண்டும் என்றார். வித்து முளைத்து உள்நுழையும் முன்பே அதை அழிக்க வேண்டும், இலைக்குள் புகுந்த பின் மருந்து பயன் தராது என்பதும் அவரது ஆய்விலிருந்து தெளிவாயிற்று. கந்தகமும் சுண்ணாம்பும் ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருந்தன. ஆயினும் பரந்த தோட்டங்களைக் காக்க அவை போதவில்லை. உடனடி மருந்தை எதிர்பார்த்த தோட்ட உரிமையாளர்கள் ஏமாற்றமடைந்தனர். 1882 இல் வார்ட் நாடு திரும்பினார். மூன்று ஆண்டுகள் கழித்து, 1885 இல், மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோக் கலவையைப் பற்றிய ஆய்வைப் பிரான்சில் மில்லார்டே வெளியிட்டார். செப்பு கலந்த இத்தகைய மருந்துகள் இன்றும் காப்பித் துரு நோய்க்கு எதிராகத் தெளிக்கப்படுகின்றன.

அதற்குள் இலங்கையின் காப்பித் தொழில் வீழ்ந்தது. பலர் வேலை இழந்தனர். காப்பிக்குப் பதிலாகத் தேயிலை பரவியது. தேயிலையில் ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்ததால், தமிழ்த் தொழிலாளர் குடும்பங்கள் மலைநாட்டிலேயே நிலையாகத் தங்கலாயின. இன்றைய மலையகத் தமிழரின் வரலாற்றில் இம்மாற்றம் முக்கியமானது.

பிற்கால வாழ்க்கை

1885 இல் கூப்பர்சு இல் அரச இந்தியப் பொறியியல் கல்லூரியில் வார்ட் பேராசிரியரானார். இந்திய வனத்துறைக்குச் செல்லும் மாணவர்கள் அங்கு பயின்றனர். 1888 இல் அரச கழகத்தின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1893 இல் அக்கழகத்தின் அரச பதக்கத்தைப் பெற்றார். 1895 முதல் இறக்கும்வரை கேம்பிரிட்சில் பணியாற்றினார். 1906 இல் தமது 52 ஆம் வயதில் டார்க்கீ அருகே காலமானார். தாவரங்களைத் தேடி ஆசியாவில் பயணம் செய்த பிராங்க் கிங்டன் வார்ட் இவரது மகன் ஆவார்.

வீட்டுச் செடிகளில் மஞ்சள் இலை

1901 இல் வெளியான தாவர நோய்கள் பற்றிய நூலில், இலை வெளிறுதலுக்குப் பல காரணங்கள் இருப்பதை வார்ட் விளக்கினார். தொட்டிச் செடிகளுக்கும் இது பொருந்தும். இன்று அறியப்பட்டுள்ள முக்கிய காரணங்கள் வருமாறு:

- மிகை நீர்: மண் எப்போதும் ஈரமாக இருந்தால் வேருக்குக் காற்றுக் கிடைக்காது, வேர் அழுகும். தொட்டியில் வடிகால் துளை இருக்க வேண்டும். மேல்மண் காய்ந்த பின்னரே நீர் ஊற்ற வேண்டும்.
- நைட்ரசன் குறைவு: முதலில் முதிர்ந்த அடி இலைகள் வெளிறும். மட்கிய உரம் இடலாம்.
- இரும்புக் குறைவு: இளம் இலைகள் மஞ்சளாகும், நரம்புகள் மட்டும் பச்சையாக இருக்கும். சுண்ணாம்பு மிகுந்த மண்ணிலும் நீரிலும் இது நேரும். நன்கு நீர்த்த அன்னபேதிக் கரைசலை இலைகளில் தெளிக்கலாம்.
- பூச்சியும் பூஞ்சையும்: இலையின் அடிப்புறத்தைப் பார்த்தால் சிலந்திப் பேன், அசுவினி அல்லது துருத்தூள் தெரியும். பூச்சிகளை நீரால் கழுவலாம்; துருத்தூள் உள்ள இலைகளைக் கிள்ளி அகற்ற வேண்டும்.
- ஒளிக் குறைவு: செடி மெலிந்து நீண்டு வெளிறும். சன்னலருகே வைக்க வேண்டும்.

அடியிலுள்ள ஓரிரு முதிய இலைகள் மட்டும் பழுத்து உதிர்வது இயல்பே. அதற்குச் சிகிச்சை தேவையில்லை.