மங்கலைத் துடைத்த மாமேதை

எங்கள் ஊர் குடுமியான்மலை. அங்கே குடைவரைக் கோயிலை ஒட்டிய பாறையில் புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு இருக்கிறது. சிறுவயதில் ஒரே இடத்தில் நின்று அதைப் பார்த்து, ஒன்றும் புலப்படாமல் திரும்புவேன். ஒரு நாள் என் தந்தை, வெயில் சாய்வாக விழும் நேரத்தில் என்னை இப்படியும் அப்படியும் நகர்த்தி நிறுத்தினார். மறைந்திருந்த கோடுகள் நிழலோடு எழுந்து நின்றன. பல கோணங்களில் நோக்கினால்தான் உருவம் துலங்கும் என்று அன்று அறிந்தேன்.

சென்ற ஆண்டு அதே தந்தை தென்னை மரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டார். மருத்துவமனையில் சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். மண்டையைத் திறவாமலே உள்ளே இரத்தம் கசிந்த இடம் படத்தில் தெரிந்தது. உரிய நேரத்தில் சிகிச்சை கிடைத்து அவர் உயிர் பிழைத்தார். அத்தகைய படங்களைத் துலக்கிய கணக்கில் ஒரு தமிழருக்குப் பெரும் பங்குண்டு என்று எங்கள் இயற்பியல் பேராசிரியர் சொன்னபோது நான் மெய்சிலிர்த்தேன். அவர்தான் ஜி. என். இராமச்சந்திரன்.

திருநெல்வேலிச் சீமையின் கோபாலசமுத்திரத்தைப் பெயரில் தாங்கிய அவர், 1922 அக்டோபர் 8ஆம் நாள் எர்ணாகுளத்தில் பிறந்தார். தந்தையார் கணிதப் பேராசிரியர். நமக்கு அண்மையிலுள்ள திருச்சி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1942இல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தவரை, சர் சி. வி. இராமன் தம் இயற்பியல் துறைக்கு அழைத்துக்கொண்டார். பின்னர் கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம் பெற்றார். 1952இல் சென்னைப் பல்கலைக்கழக இயற்பியல் துறைக்குத் தலைவரானார். தோலிலும் தசைநாரிலும் உள்ள கொலாஜன் என்னும் புரதம் மூவிழைச் சுருள் என்பதை, கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954-55இல் காட்டினார். புரத வடிவங்களைச் சோதிக்க உலகெங்கும் பயன்படும் இராமச்சந்திரன் வரைபடம் 1963இல் பிறந்தது.

1971இல் அவரும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் எழுதிய கட்டுரைதான் என் தந்தையின் படத்தோடு தொடர்புடையது. ஒரு பொருளைப் பல கோணங்களில் எக்ஸ் கதிர் கொண்டு பார்த்தால் பல நிழல்கள் கிடைக்கும். அவற்றை வந்த வழியே திருப்பிப் பரப்பிக் கூட்டினால் உருவம் வரும்; ஆனால் ஒவ்வொரு புள்ளியைச் சுற்றியும் மங்கல் படரும். இந்தப் பிழை கூட்டும் முறையிலேயே உள்ளது. எவ்வளவு விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் போகாது. ஆகவே பரப்புவதற்கு முன்பே, நிழலின் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் அக்கம்பக்கத்துப் புள்ளிகளின் மதிப்பில் குறித்த பங்குகளைக் கழித்துவிட்டார்கள். தொலைவு கூடக்கூட அந்தப் பங்கு அதன் வர்க்கத்திற்கேற்பக் குறையும். பிறகு கூட்டும்போது மங்கல் தானே அழிந்துவிடும். ஃபூரியர் வழியிலான நீண்ட கணக்கும் சுருங்கியது. வானொலி வானியலில் 1967இலேயே இத்தகைய எண்ணம் தோன்றியிருந்தது. எக்ஸ் கதிர்ப் படங்களுக்கும் மின்னணு நுண்ணோக்கிப் படங்களுக்கும் இவர்கள் அதை வகுத்துத் தந்தார்கள். இருவர் பெயராலும் அது ராம்-லாக் வடிப்பான் எனப்படுகிறது.

மின்னணு நுண்ணோக்கியின் வில்லைப் பிழையை வெல்லவே டென்னிஸ் கேபர் 1948இல் ஹோலோகிராபி முறையை வெளியிட்டார். இன்றைய எண்முறை ஹோலோகிராபி நுண்ணோக்கியில், வில்லையால் நேரும் கோணலைக் கணிப்பொறியே கணக்கிட்டு நீக்குகிறது. படத்தின் குறையைக் கணக்கால் தீர்க்கும் இந்த வழியில் நம் நாட்டவரும் நடந்திருக்கிறார் என்பது நமக்குப் பெருமை.

சி.டி. ஸ்கேனுக்கான நோபல் பரிசு 1979இல் கார்மாக், ஹவுன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் சென்றது. இராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிட்டவேயில்லை. முதுமையில் நடுக்குவாத நோய் அவரை வாட்டியது. 1998இல் மனைவியாரையும் இழந்தார். 2001 ஏப்ரல் 7ஆம் நாள் சென்னையில் மறைந்தார்.

மாணவத் தோழர்களே! நம் ஆய்வகத்தில் கருவிகள் பழையவை என்று நாம் அடிக்கடி குறைப்பட்டுக்கொள்கிறோம். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது என் தந்தை மீண்டும் அந்தப் பாறையருகே வந்து அமர்கிறார். அவரைப் பார்க்கும்போதெல்லாம், தாளும் எழுதுகோலும் கொண்டு மங்கலைத் துடைத்த அந்த மாமேதையை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.