போலெஸ்வாவ் புரூஸ்: சொல்லாமல் விட்டதையும் எழுதியவர்

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போலந்து நடப்பியல் நாவலைப் பற்றிப் பேசுவோர் எலிசா ஒஷெஷ்கோவா, ஹென்ரிக் சியென்கியேவிச், போலெஸ்வாவ் புரூஸ் ஆகிய மூவரை முதலிற் குறிப்பிடுவர். 1905இல் நோபெல் பரிசு பெற்ற சியென்கியேவிச்சின் புகழ் உலகெங்கும் பரவியது. புரூஸ் அத்தகைய பரிசு எதனையும் பெற்றவரல்லர். ஆயினும் அந்நாட்டு ஆய்வாளர்கள் தலைமுறைதோறும் புதிது புதிதாகப் பொருள் காணும் நாவலை எழுதியவர் அவரே. அவ்வாழ்வைச் சுருக்கமாக நினைவுகூர்வது படைப்பாளிகளாகிய நமக்குப் பயன் தரும்.

அவருடைய இயற்பெயர் அலெக்சாண்டர் குவோவாட்ஸ்கி. 1847 ஆகஸ்டு 20ஆம் நாள், ரஷ்யப் பேரரசின் ஆளுகைக்குட்பட்டிருந்த ஹ்ருபியேஷூவ் என்னும் சிற்றூரில், வறுமையுற்ற பிரபுக் குடியொன்றிற் பிறந்தார். மூன்று வயதில் தாயையும், ஒன்பது வயதில் தந்தையையும் இழந்தார். புவாவி, லுப்லின் ஆகிய இடங்களில் உறவினர் ஆதரவில் வளர்ந்தார். பதின்மூன்று ஆண்டுகள் மூத்த தமையன் லியோனே அவருக்கு வழிகாட்டி.

1863 சனவரியில் ரஷ்ய ஆட்சியை எதிர்த்துப் போலந்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். பள்ளி மாணவராயிருந்த அலெக்சாண்டர் படிப்பை விட்டுக் கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். பதினாறு வயது நிறைந்து சில நாட்களே ஆகியிருந்த செப்டம்பர் முதல் நாளன்று, பியாவ்கா என்னும் ஊரருகே நடந்த மோதலில் காயமுற்றுச் சிறைப்பட்டார். இளம்வயது கருதி விடுவிக்கப்பட்ட அவர், 1864இல் மீண்டும் கைதாகி லுப்லின் கோட்டையிற் சில மாதங்கள் அடைபட்டார். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. தமையன் லியோனுக்கோ கிளர்ச்சிக் காலத்திலேயே மனநிலை பிறழ்ந்தது; 1907இல் இறக்கும்வரை அவர் தெளிவு பெறவில்லை. புரூஸை வாழ்நாள் முழுதும் வருத்திய, திறந்த வெளியையும் உயரத்தையும் கண்டஞ்சும் நோயை ஆய்வாளர்கள் அந்நாட்களோடு தொடர்புபடுத்துவர்.

வார்சாவின் உயர்கல்லூரியில் கணிதமும் இயற்பியலும் பயிலத் தொடங்கிய அவர், பொருள் முடையால் 1868இல் கல்லூரியை விட்டு நீங்கினார். வீட்டாசிரியராகவும் தொழிற்சாலைப் பணியாளராகவும் உழைத்தார். 1872 முதல் இதழ்களில் எழுதலானார். அறிவியல் நூலொன்று படைக்கவேண்டும் என்பதே அவர் கனவு. வயிற்றுப் பிழைப்புக்கான எழுத்துக்குச் சொந்தப் பெயரை இடக் கூசிக் குடும்பச் சின்னத்தின் பெயரான புரூஸ் என்பதைப் புனைபெயராகக் கொண்டார். இறுதியில் அப்பெயரே நிலைத்தது.

தோற்ற கிளர்ச்சிக்குப் பின் வந்த தலைமுறை, வாளைக் கீழே வைத்து, கல்வி, தொழில், வணிகம், உடல்நலம் ஆகியவற்றால் நாட்டைக் கட்டியெழுப்ப வேண்டும் என்றது. அக்கொள்கையைப் புரூஸ் வாரந்தோறும் எழுதிய நடப்புக் கட்டுரைகளிற் காணலாம். குடிநீர், கழிவுநீர், ஏழைக் குழந்தைகள், வேலையற்றோர் என நகரத்தின் ஒவ்வொரு குறையும் அவற்றில் இடம்பெற்றது. அவை பின்னாளில் இருபது தொகுதிகளாக வெளிவந்தன. 1878இல் சொற்பொழிவொன்றைப் பற்றி அவர் எழுதியதைத் திரும்பப் பெறுமாறு மாணவர் சிலர் கோரினர், அவர் மறுத்தார், தெருவில் தாக்கப்பட்டார். தாக்கியோர் மீது வழக்குத் தொடர அவர் இசையவில்லை.

1882இல் எழுதிய 'அரைச்சட்டை' என்னும் சிறுகதை அவர் கலையின் இயல்பைக் காட்டும். காசநோயால் இளைத்துவரும் கணவன், மனைவி அறியாதபடி தன் அரைச்சட்டையின் கொக்கியை இறுக்கிவருகிறான். மனைவியோ, அவன் அறியாதபடி அதன் பட்டையைக் குறுக்கிவருகிறாள். ஒருவரையொருவர் ஏமாற்றும் அன்பு அது. அழுகையின்றி அமைந்த அவலம் அக்கதை.

'பொம்மை' என்னும் பெருநாவல் 1887 முதல் 1889 வரை நாளிதழிற் தொடராக வந்து 1890இல் நூலாயிற்று. உழைப்பால் உயர்ந்த வணிகர் வோகுல்ஸ்கி, பிரபுக்குலப் பெண் இசபெலாவின் மேல் கொண்ட காதலால் அழிவதே அதன் வெளிக்கதை. வோகுல்ஸ்கி 1863ஆம் ஆண்டுக் கிளர்ச்சியிற் கலந்து சைபீரியாவுக்கு நாடு கடத்தப்பட்டவர். அக்கிளர்ச்சியை வெளிப்படையாக எழுதத் தணிக்கை இடந்தரவில்லை. ஆதலின் குறிப்பாலும் இடைவெளியாலும் புரூஸ் அதனைச் சொன்னார். கடையின் முதிய எழுத்தர் ஜெட்ஸ்கியின் நாட்குறிப்பு கதையின் இடையிடையே வருகிறது. அறிந்தும் அறியாதவர்போல் அவர் விழுங்கும் சொற்களை அக்கால வாசகர் தாமே நிரப்பிக்கொண்டனர்.

நூல் வெளிவந்தபோது ஸ்வியெந்தொஹோவ்ஸ்கி போன்ற திறனாய்வாளர் அதன் அமைப்பில் குறை கண்டனர். புரூஸ் தம் தரப்பை எழுதி விடையிறுத்தார். பின்னர் 1897இல், சீரழியும் சமுதாயத்தின் நடுவே போலந்து இலட்சியவாதிகளின் மூன்று தலைமுறைகளைக் காட்டுவதே தம் நோக்கம் என்றும், தலைப்பு இசபெலாவைச் சுட்டுவதன்று, பொம்மைத் திருட்டு வழக்கொன்றிலிருந்து வந்தது என்றும் விளக்கினார். 1927இல் சிக்முன்ட் ஷ்வெய்கோவ்ஸ்கி அந்நாவலைப் பற்றி முழுநூல் எழுதி அதன் கட்டுக்கோப்பை ஆராய்ந்தார். அன்று குறையெனப்பட்ட இரட்டைக் குரலே பின்வந்தோர்க்கு நாவலின் பெருஞ்சிறப்பாயிற்று. 2001இல் ஓல்கா தொகார்ச்சுக் தனிநூலொன்றில் அதனை ஓர் ஆன்மாவின் விழிப்புப் பயணமாகப் படித்தார்.

1887 ஆகஸ்டு 19ஆம் நாள் முழுச் சூரிய கிரகணத்தைக் காண அவர் ம்வாவா என்னும் ஊருக்குச் சென்றார். அவ்வனுபவம் எட்டாண்டுகளின் பின் 'பார்வோன்' என்னும் வரலாற்று நாவலில் உருப்பெற்றது. கோயிலைத் தாக்க வந்த கூட்டத்தைக் கிரகண அறிவைக்கொண்டு பூசாரிகள் அடக்குகின்றனர். சீர்திருத்தம் விரும்பிய இளமன்னன் மடிகிறான். அவன் எண்ணிய சீர்திருத்தங்களை அவன் பகைவனே பின்னர் நிறைவேற்றுகிறான். தோற்ற கிளர்ச்சியைக் கண்ட ஒருவரால்தான் இத்தகைய முடிவை எழுத முடியும்.

1912 மே 19ஆம் நாள் வார்சாவில் புரூஸ் மறைந்தார். பொவோன்ஸ்கி இடுகாட்டில் அவர் கல்லறையை ஒரு சிறுமி தழுவி நிற்கும் சிற்பம் உள்ளது. அந்நகரின் பெருந்தெருவொன்றில், வோகுல்ஸ்கியும் ஜெட்ஸ்கியும் உண்மையில் வாழ்ந்தவர்களைப்போல் அவர்களுக்கு நினைவுக் கற்பலகைகள் பதிக்கப்பட்டுள்ளன.

எழுதத் தடைப்பட்டதை எழுதாமலே உணர்த்துவது கவிஞர்க்குப் புதிதன்று. அதனை நூற்றுக்கணக்கான பக்கங்களில், கடைக் கணக்குக்கும் வீட்டு வாடகைக்கும் இடையே செய்து காட்டியவர் புரூஸ். பிழைப்புக்கான எழுத்தென்று அவர் கூசிய பணியே அதற்கு அவரைப் பழக்கியது.