இடதுபுறக் களம்வரை ஒரு நடை

1969 ஜூலை 30. நியூயார்க்கின் ஷே மைதானத்தில் மெட்ஸ் பேஸ்பால் அணிக்கு ஹூஸ்டன் அணியுடன் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்கள். முதல் ஆட்டத்தில் 16-3 எனப் படுதோல்வி. இரண்டாவது ஆட்டத்தின் மூன்றாம் இன்னிங்ஸிலும் எதிரணி ரன்களைக் குவித்துக் கொண்டிருந்தது. இடதுபுறம் வந்த பந்து ஒன்றை மெட்ஸ் வீரர் கிளியோன் ஜோன்ஸ் விரைவு காட்டாமல் சென்றெடுத்து, மெதுவாகவே திருப்பி எறிந்தார். அடித்தவர் அதற்குள் இரண்டாம் தளத்தை எட்டிவிட்டார்.

மெட்ஸ் மேலாளர் கில் ஹாட்ஜஸ் எழுந்து களத்துக்குள் வந்தார். பந்து வீசுபவரை மாற்றப் போகிறார் என்றே பார்த்தவர்கள் நினைத்தார்கள். அவரோ பந்து வீசுபவரைக் கடந்து, உள்களத்தில் நின்றவர்களையும் கடந்து, ஜோன்ஸ் நின்ற இடம்வரை நிதானமாக நடந்தார். காலில் ஏதேனும் வலியா என்று விசாரித்தார். பின்னர் திரும்பி நடந்தார். ஜோன்ஸும் பின்தொடர்ந்து வெளியேறினார். வேறொருவர் அவரிடத்தில் இறக்கப்பட்டார்.

ஜோன்ஸ் சாதாரண ஆட்டக்காரர் அல்லர். அந்த அணியின் தலைசிறந்த மட்டையாளர். அந்த ஆண்டு அவருடைய சராசரி.340. பொருளாதாரம் கற்பித்தவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் சற்று நின்றுவிடுகிறேன். விளைவை அளப்பது எளிது. முயற்சியை அளப்பது கடினம். ஆகவேதான் நிறுவனங்களில் பரிசும் தண்டனையும் பெரும்பாலும் விளைவின் பின்னாலேயே செல்கின்றன. நல்ல விளைவைத் தருபவரின் அசட்டை கண்டும் காணாமல் விடப்படுகிறது. ஹாட்ஜஸ் அப்படி விடவில்லை.

அதற்கான காரணம் அவருடைய வாழ்க்கையிலேயே இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. 1924-இல் இண்டியானா மாநிலத்தின் பிரின்ஸ்டனில், நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் ஒகினாவா போர்முனையில் பணியாற்றி வெண்கல நட்சத்திர விருது பெற்றார். பின்னர் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் முதல் தளக் காவலரானார். நம் கிரிக்கெட் சிக்ஸருக்கு நிகரான ஹோம் ரன்களை 370 முறை அடித்தவர். ஆனால் 1952-ஆம் ஆண்டின் உலகத் தொடரில், 21 வாய்ப்புகளில் ஒருமுறைகூட அவரால் அடித்துத் தளத்தை எட்ட முடியவில்லை. மறு ஆண்டும் தடுமாற்றம் தொடர்ந்தது. புரூக்ளின் மக்கள் அவரை ஏசவில்லை. வெயில் கொளுத்திய ஒரு ஞாயிறன்று, பங்குத் தந்தை ஒருவர் பிரசங்கத்தைக் கைவிட்டு, ஹாட்ஜஸுக்காக வேண்டிக்கொள்ளுமாறு சொல்லி மக்களை வீட்டுக்கு அனுப்பினார். 1955 உலகத் தொடரின் இறுதி ஆட்டத்தில் டாட்ஜர்ஸ் 2-0 என வென்றபோது, அந்த இரண்டு ரன்களும் அவர் மட்டையால் வந்தவை.

முயன்றும் தோற்பது எப்படியிருக்கும் என்பதை அவர் உடலால் அறிந்திருந்தார். முயலாதிருப்பதை அதிலிருந்து பிரித்துப் பார்க்கும் கண் அவருக்கு அங்கிருந்து வந்திருக்க வேண்டும்.

எனினும் என் மனம் முழுமையாக இசையவில்லை. ஜோன்ஸுக்கு அப்போது வயது 26. இனப் பாகுபாடு நிலவிய அலபாமாவின் மொபீல் பகுதியில் வளர்ந்த கறுப்பினத்தவர். அவருக்குக் காலில் வலியும் இருந்தது. மழையால் தரை நனைந்துமிருந்தது. ஊரறிய அழைத்துவரத்தான் வேண்டுமா? ஓய்வறையில் பேசியிருக்கலாமே! ஹாட்ஜஸின் பக்கம் சொல்ல ஒன்று உண்டு. செய்தியாளர்களிடம் கால் வலி என்றே காரணம் கூறப்பட்டது. வீரரைக் குறை சொல்லித் தம் பெயரை வளர்த்துக்கொள்ள அவர் முற்படவில்லை.

அந்த நடைதான் மெட்ஸ் அணியை மாற்றியது என்பார்கள். சீவர், கூஸ்மன் ஆகியோரின் பந்துவீச்சை மறந்தவர்கள்தாம் அப்படிச் சொல்ல முடியும். எப்படியாயினும், 1962-இல் 120 ஆட்டங்களில் தோற்ற அணி 1969-இல் 100 ஆட்டங்களை வென்று உலகத் தொடருக்குள் நுழைந்தது.

அத்தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில் மெட்ஸ் 0-3 எனப் பின்தங்கியிருந்தபோது, ஜோன்ஸின் காலில் பந்து பட்டது. நடுவர் அதை ஏற்கவில்லை. ஹாட்ஜஸ் மீண்டும் களத்துக்குள் நடந்தார், இம்முறை ஜோன்ஸுக்காக. பந்தில் ஒட்டியிருந்த ஷூ பாலிஷ் கறையைக் காட்டினார். நடுவர் தம் முடிவை மாற்றிக்கொண்டு ஜோன்ஸுக்கு முதல் தளத்தை அளித்தார். அடுத்து ஆடவந்த கிளெண்டனன் ஹோம் ரன் அடித்தார். மெட்ஸ் 5-3 என வென்று பட்டம் சூடியது. கடைசிப் பந்தைப் பிடித்தவர், இடதுபுறக் களத்தில் நின்ற ஜோன்ஸ்.

1972 ஏப்ரல் 2 அன்று, 48-ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் இருக்கையில், ஹாட்ஜஸ் மாரடைப்பால் காலமானார். பேஸ்பால் புகழ் மண்டபத்தில் அவருக்கு இடம் கிடைக்க 2022 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.