மாய மேல்ஜோடு தந்த மனிதர்

ஒரு பானை. அதைச் சுற்றிலும் சின்னஞ்சிறு மணிகள். பானையில் நீர் கொதித்தால் மணிகள் இனிமையாக ஒலிக்கும். மேலே எழும் ஆவியில் விரலை நீட்டினால் போதும். ஊரில் எந்த வீட்டு அடுப்பில் என்ன வேகிறது என்று வாசனையைக் கொண்டே சொல்லிவிடலாம்!

ஒரு குடை. தூங்கும் குழந்தையின் தலைக்கு மேல் அதை விரித்தால் விடியும்வரை அழகழகான கனவுகள் வரும்.

ஒரு பழைய மரப்பெட்டி. உள்ளே உட்கார்ந்து பூட்டை அழுத்தினால் பெட்டி ஆகாயத்தில் பறக்கும்.

ஒரு ஜதை மேல்ஜோடு. மழைக்காலத்தில் பூட்ஸ் நனையாமல் இருக்க அதன் மேலே மாட்டிக்கொள்வார்களே, அதுதான். இதில் காலை நுழைத்தவன் எந்த ஊரை, எந்தக் காலத்தை நினைக்கிறானோ அங்கே அந்தக் கணமே போய்ச் சேருவான்.

மலையைப் பெயர்க்கும் மந்திரக்கோல் அல்ல இவை. அரக்கரை வெல்லும் வாளும் அல்ல. எந்த வீட்டு மூலையிலும் கிடக்கும் சாமான்கள். ஆனால் நூற்றெண்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் உலகத்துக் குழந்தைகள் இவற்றை மறக்கவில்லை.

இவற்றைக் கற்பனையிலே படைத்தவர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன். செருப்புத் தைத்துப் பிழைத்த ஓர் ஏழையின் மகன் அவர்.

பட்டு ஜோடு

டென்மார்க் நாட்டிலே ஓடென்ஸ் என்று ஓர் ஊர். அங்கே 1805-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி ஆண்டர்சன் பிறந்தார். தந்தை ஜோடு தைப்பவர். தாய் ஊரார் துணிகளை ஆற்றிலே துவைத்துக் கொடுப்பவள். அவளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

தந்தைக்குப் படிப்பிலே தீராத ஆசை. பள்ளிக்கூடம் போக வசதி இல்லாமல் போயிற்று. ஆனாலும் இரவு நேரங்களில் மகனை அருகில் உட்கார வைத்து, அராபியக் கதைகளைப் படித்துக் காட்டுவார். மகனுக்காகப் பொம்மை நாடக மேடை ஒன்றும் செய்து கொடுத்தார்.

ஒரு சமயம், கிராமத்துப் பண்ணை மாளிகை ஒன்றிலே ஜோடு தைக்க ஆள் தேவைப்பட்டது. வேலை கிடைத்தால் குடியிருக்க வீடும் தோட்டமும் உண்டு. சோதனைக்காக ஒரு ஜதை நடன ஜோடு தைத்து வரும்படி மாளிகைச் சீமாட்டி பட்டுத் துணி கொடுத்து அனுப்பினாள். குடும்பமே அந்த ஜோட்டைச் சுற்றிக் கனவு கண்டது.

சீமாட்டி ஜோட்டைப் போட்டுக்கூடப் பார்க்கவில்லை. தன் பட்டு வீணாகிவிட்டதே என்று மட்டும் கடிந்துகொண்டாள். தந்தை கத்தியை எடுத்து, தாம் தைத்த ஜோட்டின் அடித்தோலை அவள் கண்ணெதிரிலேயே அறுத்து எறிந்துவிட்டு வீடு திரும்பினார்.

வீடும் போயிற்று, தோட்டமும் போயிற்று. ஒரு ஜதை ஜோடு மனிதனின் வாழ்வையே மாற்றக்கூடும் என்பது அந்தச் சிறுவன் மனத்தில் பதிந்தது.

1812-ல் தந்தை பட்டாளத்திலே சேர்ந்தார். 1814-ல் உடல் நலிந்து திரும்பினார். 1816-ல் இறந்தார். அப்போது ஹான்ஸுக்கு வயது 11.

கிறீச்சிட்ட பூட்ஸ்

1819-ல் தேவாலயத்தில் ஒரு சடங்கு. சமய நம்பிக்கையைச் சிறுவர்கள் சபையின் முன்னே உறுதி கூறும் நாள். இறந்துபோன தந்தையின் மேல்சட்டையைப் பிரித்துத் தைத்து ஹான்ஸுக்கு அங்கி ஆக்கினார்கள். காலுக்குப் புதிய பூட்ஸ் கிடைத்தது. வாழ்நாளில் அவன் அணிந்த முதல் பூட்ஸ் அது!

நடக்க நடக்க பூட்ஸ் கிறீச் கிறீச் என்றது. பூட்ஸ் புதிது என்று எல்லோருக்கும் தெரியுமே என்று பையனுக்கு ஒரே பெருமை. காற்சட்டையைப் பூட்ஸுக்குள் திணித்துக்கொண்டு நடந்தான். மறுகணமே உள்ளம் குத்தியது. கடவுளை நினைக்க வேண்டிய இடத்தில் காலை நினைத்துக்கொண்டிருக்கிறோமே என்று வெட்கப்பட்டான்.

இந்த நினைவு அவரை விட்டு அகலவில்லை. பிற்காலத்தில் சிவப்பு ஜோடுகள் என்ற கதையை எழுதினார். அழகிய ஜோட்டின் மேல் மயங்கிய ஒரு பெண்ணை, அந்த ஜோடே ஓயாமல் ஆட வைத்து அலைக்கழிக்கும் கதை அது.

தலைநகரில்

அதே 1819-ம் ஆண்டு செப்டம்பர் மாதம், சேர்த்து வைத்திருந்த 13 ரிக்ஸ்டாலர் பணத்துடன் ஹான்ஸ் தலைநகர் கோபன்ஹேகனுக்குப் புறப்பட்டான். வயது 14. நாடக நடிகனாக வேண்டும் என்பது ஆசை. கலங்கிய தாய், குறி சொல்லும் கிழவி ஒருத்தியிடம் கேட்டாள். உன் மகனுக்காக ஒரு நாள் ஓடென்ஸ் நகரமே விளக்கேற்றும் என்று அவள் குறி சொன்னாளாம். அதை நம்பித்தான் தாய் விடை கொடுத்தாள்.

தலைநகரில் பையன் நேராகப் புகழ்பெற்ற நடனக்காரி ஒருத்தியின் வீட்டுக்குப் போனான். பூட்ஸுடன் ஆட முடியாது என்று அதைக் கழற்றி வைத்தான். தொப்பியையே கஞ்சிராவாகத் தட்டிக்கொண்டு ஆடிப்பாடினான். அவன் ஆடிக்காட்டியது சிண்டரெல்லா நாடகத்திலிருந்து! கண்ணாடி ஜோடு ஒன்றினால் ராணியான ஏழைப் பெண்ணின் கதைதான். வந்தவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று எண்ணி, அம்மாள் அவனை வெளியே அனுப்பிவிட்டாள்.

பிறகு ஒரு சங்கீத ஆசிரியர் இரங்கிப் பாட்டுக் கற்றுக் கொடுத்தார். சில மாதங்களில் குரல் உடைந்துபோயிற்று. நடனத்துக்கு உடல் வளையவில்லை. எழுதிக் கொடுத்த நாடகங்களும் திரும்பி வந்தன. பல நாள் அரை வயிற்றுக்குத்தான் உணவு.

கடைசியில் அரசாங்க நாடக சபையின் நிர்வாகிகளில் ஒருவரான ஜோனாஸ் காலின் என்பவர் பையனிடம் ஏதோ இருக்கிறது என்று கண்டுகொண்டார். அரசரிடம் சொல்லி உதவிப்பணம் வாங்கிக் கொடுத்து, 1822-ல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். 17 வயது நெட்டைப் பையன், சின்னஞ்சிறுவர்களோடு பெஞ்சியில் உட்கார்ந்து பாடம் படித்தான். தலைமை ஆசிரியர் அவனை எல்லோர் எதிரிலும் ஏளனம் செய்தார். கவிதை எழுதக்கூடாது என்றும் தடுத்தார். அந்த நாட்கள் முதுமையிலும் கெட்ட கனவாக அவரைத் துரத்தின. ஆயினும் படிப்பை விடவில்லை. 1828-ல் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் தேறினார்.

சிக்கிமுக்கிப் பெட்டி

1835-ம் ஆண்டு மே மாதம். ஆண்டர்சனுக்கு வயது 30. நான்கே கதைகள் கொண்ட ஒரு மெல்லிய புத்தகம் வெளிவந்தது. முதல் கதை சிக்கிமுக்கிப் பெட்டி.

போரிலிருந்து திரும்பும் ஒரு சிப்பாயின் கையில் நெருப்பு உண்டாக்கும் பழைய பெட்டி ஒன்று கிடைக்கிறது. ஒரு முறை தட்டினால் தேநீர்க் கோப்பை அளவு கண்கள் உள்ள நாய் வந்து நிற்கும். அது செப்புக் காசு கொண்டுவரும். இரு முறை தட்டினால் வெள்ளிக் காசு நாய். மூன்று முறை தட்டினால் பொற்காசு நாய். தூக்குமேடையில் நிற்கும் சிப்பாய், கடைசியாக ஒரு முறை புகை பிடிக்க அனுமதி கேட்டு, இந்தப் பெட்டியைத் தட்டித் தப்பிக்கிறான்.

சிறு வயதில் கேட்ட கதையைத்தான் ஆண்டர்சன் புதிதாகச் சொன்னார். வீட்டிலே பேசுகிற மாதிரி பேச்சு நடையில் எழுதினார். பண்டிதர்களுக்கு அது பிடிக்கவில்லை. நீதி இல்லை, இலக்கண நடை இல்லை, குழந்தைகளுக்கு ஆகாது என்று குறை கூறினார்கள்.

ஒருவர் மட்டும் வேறுவிதமாக நினைத்தார். அவர் பெயர் ஓர்ஸ்டெட். மின்சாரம் ஓடும் கம்பி திசைகாட்டியின் ஊசியை அசைக்கிறது என்று 1820-ல் கண்டுபிடித்த பேரறிஞர் இவர்தான். அந்த வருடம் ஆண்டர்சன் எழுதிய நாவல் அவருக்குப் புகழ் தரும்; ஆனால் இந்தக் குட்டிக் கதைகளே அவரைச் சாகாதவர் ஆக்கும் என்றார் ஓர்ஸ்டெட். ஆண்டர்சனே அதை அப்போது நம்பவில்லை. விஞ்ஞானியின் வாக்குத்தான் பலித்தது.

மேல்ஜோட்டின் விளையாட்டு

1838-ல் வந்தது மேல்ஜோட்டுக் கதை. பாக்கிய தேவதையின் பணிப்பெண் ஒருத்தி மாய மேல்ஜோட்டைக் கோபன்ஹேகன் வீடொன்றின் வாசலில் வைக்கிறாள். மனிதர்கள் இனி ஆனந்தமாக இருப்பார்கள் என்பது அவள் எண்ணம். பக்கத்தில் நிற்கும் துயர தேவதை அதை ஒப்பவில்லை.

முதலில் அதை மாட்டியவர் ஓர் அதிகாரி. ஹான்ஸ் மன்னர் ஆண்ட பழைய காலமே பொற்காலம் என்று வாதாடுகிறவர். வெளியே கால் வைத்தாரோ இல்லையோ, அந்தக் காலத்துக்கே போய்விட்டார்! தெருவிளக்கு இல்லை. நல்ல பாதை இல்லை. கணுக்கால் அளவு சேறு! ஒரு மதுக்கடையில் மாட்டிக்கொண்டு, மேசைக்கு அடியில் புகுந்து தப்பப் பார்த்தார். காலைப் பிடித்து இழுத்தார்கள். மேல்ஜோடு கழன்றது. பழைய காலமும் மறைந்தது. சொந்தக் காலத்தின் அருமை அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அடுத்து, இரவுக் காவற்காரன். மாடியில் இருந்த ராணுவ அதிகாரியைப் பார்த்துப் பொறாமைப்பட்டான். உடனே அவனாகவே மாறினான். அதிகாரியோ தனிமையில் வாடுகிறவன். மனைவி மக்களோடு இருக்கும் காவற்காரனைக் கண்டு அவன் பொறாமைப்படுகிறான்!

கடைசியாக ஒரு மாணவன். தூர தேசப் பயணம் வேண்டினான்; கொசுக்கடியும் கால் வீக்கமும் கண்டான். உடலின் தொல்லையே வேண்டாம் என்று நினைத்தான், உயிர் பிரிந்தது. துயர தேவதைதான் இரங்கி, மேல்ஜோட்டைக் கழற்றி அவனைப் பிழைக்க வைத்தாள். மேல்ஜோட்டையும் தன்னுடன் எடுத்துப் போய்விட்டாள்.

மாயப் பொருள் மனிதனை மாற்றுவதில்லை. உள்ளே இருப்பதை வெளியே காட்டுகிறது. அடுத்த வீட்டு அடுப்பை மோப்பம் பிடிக்கும் பானையும் அப்படித்தான். உண்மையான ரோஜாவையும் பாடும் குயிலையும் வேண்டாம் என்ற இளவரசி, அந்தப் பானையின் மேல் ஆசைப்பட்டு ஏமாந்தாள்.

மந்திரம் இல்லாத கதை

1833 டிசம்பரில் ஆண்டர்சன் இத்தாலியில் ரோம் நகரில் இருந்தபோது ஒரு செய்தி வந்தது. ஓடென்ஸில், ஏழைகளுக்கான விடுதியில், தாய் இறந்துவிட்டாள். மகனின் கதைப் புத்தகத்தை அவள் கண்ணால் காணவே இல்லை.

குளிர்ந்த ஆற்று நீரில் நாள் முழுவதும் நின்று துவைத்தவள் அவள். உடம்பு சூடாக இருக்கவென்று குடிக்கப் பழகிவிட்டாள். ஊர் அவளை இகழ்ந்தது. பிற்காலத்தில் ஆண்டர்சன், இப்படிப்பட்ட ஒரு சலவைக்காரியின் கதையை எழுதினார். உதவாக்கரை என்று ஊர்ப் பெரியவர் திட்டும் அவள், மகனுக்காகவே உழைத்துச் சாகிறாள். அந்தக் கதையில் பறக்கும் பெட்டி இல்லை; மாய மேல்ஜோடும் இல்லை. தாய் பட்ட பாட்டை மந்திரம் கொண்டு மறைக்க அவர் விரும்பவில்லை.

எரிந்துபோன பெட்டி

1838-ல் அரசர் அவருக்கு ஆண்டுதோறும் உதவிப்பணம் வழங்க ஏற்பாடு செய்தார். பசி நீங்கியது. வெளிநாடுகளுக்குச் சுமார் 30 முறை பயணம் செய்தார். பறக்கும் பெட்டியைப் படைத்தவர், தம்முடைய சொந்தப் பெட்டியில் வைத்திருந்தது என்ன தெரியுமா? ஒரு நீளக் கயிறு! தங்கும் விடுதியில் தீப்பிடித்தால் ஜன்னல் வழியாக இறங்கத்தான். தீ என்றால் அவருக்கு அவ்வளவு பயம்.

கதையிலும் அந்தப் பெட்டி தீயில்தான் எரிகிறது. செல்வத்தைத் தொலைத்த வணிகன் மகன் அதில் பறந்து துருக்கி நாடு போகிறான். கதை சொல்லி அரசர் மனத்தைக் கவர்கிறான். இளவரசியை மணக்கும் வேளையில், அவன் கொளுத்திய வாணத்தின் பொறி ஒன்று பெட்டியில் விழுந்து எல்லாம் சாம்பல். இளவரசி காத்திருக்கிறாள். அவனோ ஊர் ஊராக நடந்து கதை சொல்லித் திரிகிறான். மந்திரம் போனது, கதை மட்டும் மிஞ்சியது.

ஆண்டர்சன் வாழ்வும் அதுவே. அவர் மணம் செய்துகொள்ளவில்லை. சொந்த வீட்டில் வாழ்ந்த காலமும் சொற்பம். நண்பர்கள் இல்லத்தில் குழந்தைகள் சூழ உட்கார்ந்து, பெரிய கத்தரிக்கோலால் காகிதத்தை வெட்டியபடியே கதை சொல்வார். கதை முடியும்போது காகிதத்தை விரிப்பார். நடனப் பெண்களும் அன்னங்களும் அரண்மனைகளும் அதில் தோன்றும்.

விளக்குகள்

1867-ம் ஆண்டு டிசம்பர் 6-ந் தேதி ஓடென்ஸ் நகரம் அவரைக் கௌரவக் குடிமகனாக்கியது. அன்றிரவு வீடெங்கும் விளக்கு; தெருவெங்கும் தீவட்டி ஊர்வலம். குறிகாரக் கிழவியின் வாக்கு 48 ஆண்டுகளுக்குப் பின் பலித்தது!

ஆனால் பாவம், அன்றைக்கென்று அவருக்குக் கடுமையான பல்வலி. ஜன்னலருகே நின்று ஊர்வலத்தைப் பார்த்தவர், வலியைத் தாங்கிக்கொண்டே நின்றார். மேல்ஜோட்டுக் கதையை எழுதியவருக்கு, வேண்டியது கிடைக்கும் நேரத்தில் கூடவே என்ன வரும் என்பது தெரியாதா?

1875-ம் ஆண்டு ஆகஸ்டு 4-ந் தேதி ஆண்டர்சன் காலமானார். 1967 முதல் அவர் பிறந்த நாளாகிய ஏப்ரல் 2-ந் தேதி, உலகக் குழந்தைப் புத்தக நாளாகக் கொண்டாடப்படுகிறது.

தந்தை தைத்த பட்டு ஜோட்டைச் சீமாட்டி மதிக்கவில்லை. மகன் சொற்களால் தைத்த மேல்ஜோட்டையோ, உலகத்துக் குழந்தைகள் எல்லோரும் ஒரு முறையாவது காலில் மாட்டிப் பார்த்துவிட்டார்கள்.